ஏலத்தில் ஏறும் நிழல்கள்

குளச்சல் கடற்கரையில் மீன் ஏலத்தைக் கண்டவர்கள் ஒன்றை அறிவர். வெயில் ஏற ஏற விலை இறங்கும். நியூயார்க்கின் கலை ஏல மன்றங்களில் புகைப்படத்தின் கணக்கோ நேர்மாறு. தாள் பழுக்க வேண்டும். எடுத்தவர் மண்ணுக்குள் போயிருந்தால் இன்னும் நல்லது.

எனினும் இக்காலப் படங்களும் அங்கே ஏலத்துக்கு வருகின்றன. ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி என்னும் ஜெர்மானியர் 1999இல் ஆக்கிய 'ரைன் 2' என்ற படம், 2011 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் அது இருபது கோடி ரூபாயைத் தாண்டும். பசும்புல், நடுவே நதி, மேலே சாம்பல் வானம், அவ்வளவே. அக்கரைக் கட்டடங்களைக் கணிப்பொறியால் துடைத்தெறிந்துவிட்டார் கலைஞர். நல்ல படம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தனை கோடியும் அந்த நதிக்கா கொடுக்கப்பட்டது? ஆறே பிரதிகள் என்ற வரம்புக்கும், ஏனைய பிரதிகளுள் சில பெரிய அருங்காட்சியகங்களில் குடியேறிவிட்டன என்பதற்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஒரே நெகட்டிவிலிருந்து ஆயிரம் பிரதி எடுக்க முடியும் என்பதே புகைப்படத்தின் பிறவிக் குணம். அக்குணத்தைக் கட்டிப்போட்டால்தான் ஏலக்காரரின் சுத்தியல் உயர்கிறது!

இன்னொரு விந்தையும் உண்டு. சிகரெட் விளம்பரத்துக்காக வேறொருவர் எடுத்த குதிரைவீரன் படத்தை, ரிச்சர்ட் பிரின்ஸ் மீண்டும் படமெடுத்துத் தம் படைப்பாக்கினார். 2005இல் அது 12 லட்சம் டாலரைத் தாண்டியது. கண் ஒருவருடையது, காசு மற்றொருவருடையது. இதனைச் சிந்தனைப் புதுமை என்று போற்றுவோர் இருக்கின்றனர். எமக்கு மனம் ஒப்பவில்லை.

குர்ஸ்கியின் உச்சத்தை 2022இல் முறியடித்தது மான் ரே 1924இல் எடுத்த படம். விலை 124 லட்சம் டாலர். பழமையே மீண்டும் வென்றது.

நம் நாட்டு நிலை என்ன? எம்.எஃப். உசேனின் 'கிராம யாத்திரை' ஓவியம் 2025 மார்ச்சில் 137 லட்சம் டாலரை எட்டியது. இந்தியப் புகைப்படம் எதுவும் அதன் அருகில்கூட வந்ததில்லை. ரகுராய் போபாலில் 1984இல் எடுத்த, மண்ணில் புதையும் குழந்தையின் முகத்தை உலகமே அறியும். அறியப்படுவது வேறு, விலைபோவது வேறு. சட்டமும் இதே பாகுபாட்டைச் செய்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, மறுவிற்பனை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் படைப்பாளிக்கோ வாரிசுக்கோ பத்து விழுக்காடுவரை பங்கு கிடைக்க வழிசெய்கிறது. ஓவியம், சிற்பம், கோட்டோவியம், கையெழுத்துப்படி ஆகியவை அதில் உள்ளன, புகைப்படம் இல்லை. 2012இல் சட்டம் திருத்தப்பட்டபோது புகைப்படத்துக்கான உரிமைக்காலம் நீட்டப்பட்டது. இந்தப் பங்கு மட்டும் வரவில்லை.

தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில், பரம்பரைப் பொருள்களை ஒவ்வொன்றாய் விற்றுத் தின்னும் முஸ்தபாக்கண்ணுவை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம் வீடுகளில் மரச்சாமானுக்கு விலை பேச ஆள் வருகிறார். சுவரிலுள்ள படத்துக்கு எவரும் வருவதில்லை. சட்டத்துக்கு மட்டும் விலை சொல்லி, வாப்பாவின் படத்தை உருவி நம் கையிலேயே கொடுத்துவிடுவார். உருவப்படம் ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தினூடே, ஹஜ்ஜுக்கான பாஸ்போர்ட்டுக்காகவே முதன்முதலில் காமிராவின் முன் அமர்ந்த பெரியவர்களின் படங்கள் அவை.

எடுத்த ஸ்டூடியோக்காரர்களின் கதி இன்னும் மோசம். கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டுச் சட்டக் கண்ணாடிகளாயின. பிலிம் சுருள்கள் வெள்ளிக்காக உருக்கப்பட்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மப் பிரதி எடுத்தது. அந்தத் தேடலில் ஏலம் இல்லை, சுத்தியல் இல்லை. எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதே முதற்கேள்வி. கோட்டாற்றிலும் திருவிதாங்கோட்டிலும் பெட்டிகளுக்குள் கிடக்கும் படங்கள் பலவற்றின் பின்புறம், அதற்கு விடை சொல்லும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.