விருந்தினர் கண்ணும் குடியேறியவர் காலும்

அயர்லாந்தின் மேற்குக் கரையோரச் சிற்றூர்களில், வெளியிலிருந்து வந்து குடியமர்ந்தவரைக் குறிக்க ஒரு சொல் வழங்குகிறது: 'புளோ-இன்'. காற்று அடித்துக்கொண்டு வந்து போட்டது என்பது அதன் பொருள். உலர்ந்த இலையையும் கடற்பறவையின் இறகையும் மனிதரோடு ஒருசேர எண்ணும் சொல் அது. வசையாகவும் வழங்கும், நகையாகவும் வழங்கும். ஊராரின் திருமணங்களிலும் இழவுகளிலும் பல்லாண்டுகள் கலந்துகொண்டவரையும் அச்சொல் எளிதில் விடுவதில்லை. அட்லாண்டிக் கடற்காற்றின் இயல்பறிந்தோர் வழங்கும் சொல்லாதலின், அடித்து வந்தது என்றேனும் அடித்துப் போய்விடும் என்னும் எதிர்பார்ப்பும் அதனுள் பொதிந்திருக்கிறது.

அத்தகைய இருவர் எழுதிய நூல்களை அருகருகே வைத்து நோக்கினால், ஓர் ஊரை எழுதும் உரிமை வெளியாருக்கு எந்த அளவுக்கு உண்டு என்னும் வினா எழுகின்றது. ஒருவர், 1972இல் நோபல் பரிசு பெற்ற செருமானிய எழுத்தாளர் ஹைன்ரிச் பொயல். மற்றவர், 1935இல் பிறந்தவரும் யார்க்ஷயரைச் சேர்ந்தவருமான டிம் ராபின்சன்.

பொயல், இரண்டாம் உலகப் போரில் செருமானியப் படைவீரராக அலைந்தவர். குண்டுவீச்சில் பாழான கொலோன் நகரத்தவர். 1954இல் முதன்முதலாக அயர்லாந்து சென்றார். பின்னர் மனைவி மக்களோடு மேயோ மாவட்டத்து அக்கில் தீவில் தங்கினார். அதன் விளைவே 1957இல் வெளிவந்த 'அயர்லாந்து நாட்குறிப்பு'. அடுத்த ஆண்டு, அத்தீவின் டூகர்ட் என்னும் சிற்றூரில் ஒரு குடிலையும் வாங்கினார். ஆயின் ஆண்டு முழுவதும் அங்கு வாழ்ந்தாரல்லர். திரும்பத் திரும்ப வரும் விருந்தினர் என்றே அவரைக் கொள்ளல் தகும்.

விருந்தினருக்கே உரிய நன்றியுணர்வு அந்நூல் முழுவதும் பரவிக் கிடக்கிறது. கையிலிருந்த செருமானியப் பணத்தை மாற்ற வழியில்லாத ஒரு குடும்பம், கடன் சொல்லித் தொடர்வண்டியில் மேற்குக்குப் பயணம் செய்யும் பகுதி நகைச்சுவையும் நெகிழ்ச்சியும் ஒருங்கே அமைந்தது. முன்பின் அறியாத அயல்நாட்டாரை நம்பிக் கடன் கொடுக்கும் ஓர் இருப்புப்பாதை நிருவாகம் உலகில் இருக்கிறது என்பதைக் கண்ட வியப்பு, போரில் எல்லா நம்பிக்கைகளும் தகர்ந்த ஒரு நாட்டிலிருந்து வந்தவரின் வியப்பு என்பதை மறத்தலாகாது.

மருத்துவரின் இளம் மனைவி இரவில் தனித்துக் காத்திருக்கும் அத்தியாயம் நூலின் மணிமுடி. மகப்பேறு பார்க்கச் சென்ற கணவர், செங்குத்தான கடலோரப் பாதையில், மழையில், வண்டியோட்டித் திரும்ப வேண்டும். நிகழ்வது இவ்வளவே. தமிழ் மாணவர் இதனைப் படிக்கும்போது, நெய்தல் திணைக்குரிய இரங்கலும் முல்லைக்குரிய இருத்தலும் ஓரிடத்தில் கலந்து நிற்பதை எளிதில் உணர்வர். கடலும் இரவும் மழையும் அங்கே வெறும் பின்னணியாக நில்லாமல், அப்பெண்ணின் அச்சமாகவே மாறிவிடுகின்றன.

ஆயினும் விருந்தினரின் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அக்கில் தீவின் ஸ்லீவ்மோர் மலையடியில், கூரையிழந்த கல்வீடுகள் வரிசையாக நிற்கும் பாழூர் ஒன்று உளது. பொயல் அதனை ஓர் எலும்புக்கூட்டைக் காண்பவர்போல் கண்டு வருணிக்கிறார். அவ்வருணனையில் ஒரு சொல்லும் மிகையில்லை. ஆனால் அவ்வூர் எப்போது, ஏன் கைவிடப்பட்டது என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை என்ற அளவில் நின்றுவிடுகிறார். மக்கள் கடலோரம் பெயர்ந்த பின்னரும் அவ்வீடுகள் கோடைக்கால மேய்ச்சலின்போது தங்குமிடங்களாகப் பயன்பட்டன. அவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. விடை அத்தீவிலேயே இருந்தது. மருமம் குலையாதிருத்தலே படைப்புக்கு நலம் என்று கலைஞர் கருதினார் போலும்.

இதனைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. 1950களில் அயர்லாந்திலிருந்து வெளியேறியோர், வந்தோரைக் கழித்த கணக்கில், ஏறத்தாழ 400,000 பேர். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 28 இலட்சமாகக் குறைந்திருந்தது. பொயல் இதனை அறியாதவரல்லர். ஒரு தாயின் ஒன்பதாவது குழந்தையைப் பற்றிய அத்தியாயத்தில், அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் வளர்ந்ததும் கப்பலேற வேண்டியவர்களே என்பதை வேதனையோடு எழுதுகிறார். எனினும், 1967இல் எழுதிய பின்னுரையில், கருத்தடை மாத்திரை அயர்லாந்துக்கும் வந்துவிடும், இனிப் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள் என்று கலங்குகிறார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவளின் உடல் அக்கலக்கத்தில் இடம்பெறவில்லை. பெற்ற பிள்ளைகளை இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பவளும் அவளே. தான் விரும்பிய வீடு மாறாதிருக்க வேண்டும் என்பது விருந்தினரின் ஆசை. அதற்கு விலை கொடுப்பவர் வீட்டுக்குரியவர்.

ராபின்சனின் வழி வேறு. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, இஸ்தான்புல்லில் ஆசிரியராகவும் வியன்னாவிலும் இலண்டனிலும் ஓவியராகவும் இருந்தவர் அவர். 1972இல் மனைவியோடு அரான் தீவுகளுள் பெரியதற்குக் குடிபெயர்ந்தார். அமெரிக்கரான ராபர்ட் ஃபிளாகர்ட்டி எடுத்த 'அரான் மனிதன்' என்னும் 1934ஆம் ஆண்டுத் திரைப்படம் அவரை ஈர்த்தது என்பது கருதத்தக்கது. ஓர் அயலார் காட்டிய பொய்யழகே மற்றோர் அயலாரை அழைத்து வந்தது! ஆனால் அழைத்து வந்த அழகிலேயே அவர் தங்கிவிடவில்லை. தீவின் அஞ்சல் நிலையப் பெண்மணி, வருவோர்க்கு உதவும் நல்ல நிலப்படம் ஒன்று வேண்டும் என்றார். அச்சொல்லைப் பற்றிக்கொண்டு தீவு முழுதும் நடந்தார்; ஐரிஷ் மொழி கற்றார்; ஒவ்வொரு பாறைக்கும், வயலுக்கும், கிணற்றுக்கும் முதியோர் வழங்கிய பெயரைக் கேட்டு எழுதினார். 1975இல் முதல் நிலப்படம் வெளிவந்தது. 'அரானின் கற்கள்' என்னும் இரு தொகுதிகள் 1986இலும் 1995இலும் வந்தன. 1984இல் எதிர்க்கரையில் கன்னமாரா நிலப்பகுதியின் ரவுண்ட்ஸ்டோன் என்னும் துறைமுகச் சிற்றூருக்குக் குடிமாறினார்.

அவ்வூரின் பெயரே அவர் செய்த பணிக்குச் சான்று. ஐரிஷ் மொழியில் அது 'க்ளோக் ந ரோன்'; கடல்நாய்களின் பாறை என்பது பொருள். 'க்ளோக்' என்பதைக் கல் என்று பெயர்த்தவர்கள், கடல்நாயைக் குறிக்கும் 'ரோன்' என்பதை 'ரவுண்ட்' என்று செவிமடுத்தனர். பாதி மொழிபெயர்ப்பு, பாதி செவிப்பிழை. கடல்நாய்கள் மறைந்தன, உருண்டைக் கல் எஞ்சியது. 1824இல் தொடங்கிய பிரித்தானிய நில அளவை, இத்தகைய பெயர்களை அச்சிலேற்றி நிலைபெறச் செய்தது. திருவல்லிக்கேணி 'டிரிப்ளிக்கேன்' ஆனதையும் தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆனதையும் அறிந்த தமிழாசிரியருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வளவைப் பணியில் ஜான் ஓடனவன் போன்ற ஐரிஷ் அறிஞர்களும் உழைத்தனர், மூலப் பெயர்களை ஏடுகளில் குறித்தும் வைத்தனர் என்பதையும் நடுவுநிலையோடு சொல்லுதல் வேண்டும். ஆங்கிலேயப் படையினர் அளந்து மாற்றிய பெயர்களை, பின்வந்த ஓர் ஆங்கிலேயரே வீடுவீடாகக் கேட்டுத் திரும்பப் பெற்றார். (அவ்வூரின் துறையை 1820களில் அமைத்த பொறியாளர் அலெக்சாண்டர் நிம்மோவும் ஸ்காட்லாந்துக்காரரே. காற்று அடித்து வந்தவர் கட்டிய ஊர்தான் அது!)

உள்ளூரார் ஏன் அப்பணியைச் செய்யவில்லை என்று கேட்போர் உளர். அது பிழையான கேள்வி. பிறந்த ஊரின் பெயர்களை எவரும் கேட்டு எழுதுவதில்லை. தந்தை சொல்ல மகன் கேட்டு நடப்பான். மகன் கப்பலேறிவிட்டால் அச்சங்கிலி அறுந்துபோகும். பொயல் கண்ணீரோடு கண்ட அந்த ஒன்பதாவது குழந்தை பாஸ்டனிலோ பர்மிங்காமிலோ செங்கல் சுமந்துகொண்டிருந்தபோது, அவன் கேட்டிருக்க வேண்டிய பெயர்களைக் கேட்க ஓர் அயலாரே வீட்டு வாசலில் நின்றார். இரு நூல்களும் ஒரே இழப்பின் இரு முகங்கள் என்பது இவ்விடத்தில்தான் விளங்குகிறது.

ராபின்சனிடமும் குறை இல்லாமலில்லை. அவருடைய நடை அடர்த்தி மிக்கது. ஒரு சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புக்குப் பல பக்கங்கள் செலவிடுவார். அப்பாறைமேல் நின்று பாசி சேகரித்த பெண்ணுக்கோ ஒரு பத்தியோடு நின்றுவிடுவார். மனிதரின் குரலைக் கேட்பதில் பொயலுக்கு இருந்த காது அவருக்கு இல்லை. பெயரைக் கேட்டவர், பெயர் சொன்னவரின் பசியைப் போதிய அளவு கேட்டாரா என்னும் ஐயம் சில இடங்களில் எழத்தான் செய்கிறது.

ஆனால் பொயலுக்கு நேராத ஒரு சோதனை அவருக்கு நேர்ந்தது. 1980களின் இறுதியில், ரவுண்ட்ஸ்டோன் சதுப்பு நிலத்தில் ஒரு சிறு வானூர்தித் தளம் அமைக்க முனைந்தனர். வேலையும் வருமானமும் வரும் என்று உள்ளூரில் பலர் அதனை வரவேற்றனர். ராபின்சன் அதனை எதிர்த்தோருள் முன்னின்றார். 'புளோ-இன்' என்னும் சொல்லின் கூர்முனை அப்போதுதான் வெளிப்பட்டது. பிழைப்புக்கு வழியின்றிப் பிள்ளைகளை அனுப்பிய மக்களிடம், சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டும் என்று வெளியார் சொல்வது எளிதன்று. அவரும் தாம் விரும்பிய வீடு மாறாதிருக்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பொயல் தம் கலக்கத்தைச் செருமன் மொழியில் தம் வாசகரிடம் சொன்னார். ராபின்சன் தம் மறுப்பை அவ்வூரிலேயே, நாள்தோறும் முகம் பார்க்க வேண்டியவர்களிடையே சொன்னார். அதனால் வந்த கசப்பையும் அங்கேயே இருந்து ஏற்றார். 2006இல் தொடங்கிய தம் கன்னமாரா நூல்வரிசையில் அதனை மறைக்காமல் எழுதினார். அவர் முடிவு சரியா தவறா என்பது வேறு. எதிர்வாதம் செய்வோர் கதவைத் தட்டக்கூடிய தொலைவில் அவர் இருந்தார்.

டூகர்ட்டில் பொயல் வாழ்ந்த குடில், 1985இல் அவர் மறைந்த பின்னர், எழுத்தாளரும் ஓவியரும் வந்து சில காலம் தங்கிப் பணிபுரியும் இடமாயிற்று. ராபின்சன் முதுமையில் இலண்டன் திரும்பி, 2020 ஏப்ரலில், மனைவி இறந்த இரு வாரங்களுக்குள், கொரோனா நோயால் காலமானார். அவர் சேர்த்த குறிப்புகளும் நிலப்படங்களும் கால்வே பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தாத்தாவின் வயலுக்கு என்ன பெயர் என்று தேடும் ஒரு பேரன், அங்கே அதனைக் காணலாம்.