வராத ரயிலுக்கு ஒரு நிறம்

ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு ரயில் பாதை பல வருஷமாக அறிவிப்பாகவே இருக்கிறது. அதை என் மேஜைமேல் 1:87 அளவில் போட்டுவிட்டேன். இன்ஜினுக்கு என்ன பெயின்ட் என்பதில்தான் ஆறு மாதம் போனது.

முதலில் வந்தே பாரத்தைக் காப்பியடித்தேன். 2018இல் பெரம்பூர் ஐசிஎஃப்பில் உருவான அந்த வெள்ளையும் நீலமும் போட்டோவில் அழகுதான். ஆனால் திறப்புவிழாவுக்குப் பூசிய மாதிரி இருக்கும்; ஒரு வாரத் தூசியைத் தாங்காது. 2023இல் காவி, சாம்பல் வந்தது. அழுக்கு கொஞ்சம் மறைந்தது, ஆனால் எந்த ஊர் வண்டி என்று அதுவும் சொல்லவில்லை. நாடு முழுக்க ஒரே சட்டை.

டபிள்யூஏபி-4 இன்ஜினைப் பாருங்கள். சிவப்பு உடம்பு, கிரீம் பட்டை, பக்கவாட்டில் 'அரக்கோணம்' என்றோ 'ஈரோடு' என்றோ ஷெட் பெயர். தூரத்தில் நிறம் தெரியும், கிட்டே வந்தால் ஊர் தெரியும். அலங்காரம் இவ்வளவு போதும்.

இங்கே காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களை யூனிஃபார்மை வைத்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். கான்ட்ராக்ட் முடிந்தால் சட்டை மாறும். மாறாதது ஒன்றுதான்: எந்த ஷெட்டுக்குள் போனாலும் தரையில் நடைபாதைக்குப் போட்ட மஞ்சள் கோடு. என் இன்ஜினுக்கு அதைத்தான் எடுத்தேன். கீழே மண் நிறம், நடுவில் மஞ்சள் பட்டை. சின்ன உருவத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் இரண்டிலும் கொஞ்சம் வெள்ளை கலந்தேன்.

"ஸ்டேஷனே இல்லாத ஊருக்கு எதுக்குடா இன்ஜின்?" என்றான் ரூம்மேட். பதில் சொல்லவில்லை. பக்கவாட்டில் 'ஒரகடம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.