கெல்ட்ரியாவில் யார் எந்த வேடம் கட்டுவது?

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோட்டை எங்கே என்று கேட்டால் முள்ளும் புதரும் மூடிய ஒரு மேட்டைத்தான் காட்ட முடியும். 1613-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கெல்ட்ரியா கோட்டை அங்கேதான் நின்றது. கட்டி முடித்த வெம்மர் வான் பெர்ஹெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரையே அதற்கு வைத்தார். 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு அதுதான் தலைமையிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதை இடித்தார்கள். மதில் போய்விட்டது. பக்கத்து மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தின் பெயரில் மட்டும் கோட்டை இன்னும் இருக்கிறது.

வெளிநாடுகளில் பழைய கோட்டைகளில் அந்தக் காலத்து உடை உடுத்தி, துப்பாக்கி ஏந்தி, போரையும் அன்றாட வாழ்வையும் நடித்துக் காட்டுகிறார்கள். இங்கேயும் செய்தால் ஊர் பிழைக்குமே என்று கூட வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. அக்கறையோடு கேட்கும் கேள்வி அது. முகத்துவாரம் தூர்ந்து பழவேற்காடு ஏரியில் இறால் குறையும்போது கையில் காசில்லாமல் நிற்பவர்கள் இந்தக் குப்பங்களில்தான் இருக்கிறார்கள். அதனால் ஒரு வரியில் தள்ளிவிடாமல் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படி நடித்துக் காட்டும் விழாக்களில் மிக நன்றாக நடப்பவற்றில் ஒன்று அதே கெல்டர்லாந்தில்தான் இருக்கிறது. க்ரூன்லோ என்ற சிற்றூரை 1627-ல் டச்சுப் படை முற்றுகையிட்டு ஸ்பானியரிடமிருந்து பிடித்தது. 2005-லிருந்து அந்த முற்றுகையை அங்கே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார்கள். அது வெறும் வேடிக்கை அல்ல. படைவீரன் துப்பாக்கியை எப்படிப் பிடிக்க வேண்டும், மருந்தை எப்படிக் கெட்டிக்க வேண்டும் என்று யாக்கோப் டி கெயின் 1607-ல் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களோடு வெளியிட்ட கையேடு இன்றும் கிடைக்கிறது. அதைப் பார்த்து உடம்பைப் பழக்கும்போது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சுட முடியும், மழையில் திரி என்ன ஆகும் என்பதெல்லாம் அனுபவமாகத் தெரியவரும். புத்தகம் மட்டும் தராத அறிவு அது. அதோடு, முற்றுகைக்குள் சிக்கியதும் அந்த ஊர், இன்று நினைவுகூர்வதும் அந்த ஊரே.

இதை அப்படியே பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் அடியிலேயே தராசு சாய்ந்துவிடும். கெல்ட்ரியாவின் சிப்பாய்க்கு உடை, நடை, ஆயுதம் எல்லாவற்றுக்கும் சான்று உண்டு. கோட்டைக்கு வெளியே கைத்தறியில் உட்கார்ந்திருந்தவருக்கும் அலையில் படகு தள்ளியவருக்கும் அப்படிப் படம் போட்ட கையேடு யாரும் எழுதி வைக்கவில்லை. சான்று உள்ளதை மட்டும் நடிப்பது என்று நேர்மையாக முடிவெடுத்தால் மேடை முழுக்க வெள்ளைக்காரர் நிற்பார். நம் ஆட்கள் மூட்டை தூக்குவார்கள். கூலி கொடுத்து ஆள் சேர்த்தால் அந்த மூட்டையைத் தூக்க வருவது குப்பத்துப் பையன்களாகத்தான் இருப்பார்கள். நானூறு ஆண்டுக்கு முந்தைய வரிசையை அப்படியே மறுபடியும் நிறுத்தியதாகிவிடும்.

மூட்டையைவிடக் கனமானது ஒன்றும் இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்த காலங்களில் ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி, கம்பெனிக் கப்பல்கள் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குக் கொண்டு சென்றன. இதைச் சொல்லாமல் கெல்ட்ரியாவில் முரசு அடித்துக் கொடியேற்றிக் காட்டுவது பொய். சரி, இதையும் நடித்துக் காட்டலாமா?

அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1994 அக்டோபர் 10 அன்று அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். கறுப்பின மக்கள் அமைப்புகளே எதிர்த்தன; தங்கள் முன்னோரின் துயரம் கேளிக்கையாகிவிடும் என்று அஞ்சின. ஏலத்தை வடிவமைத்தவர் அங்கே ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கிறிஸ்டி கோல்மன். அவரும் அந்த மக்களில் ஒருவர்; விற்கப்படும் கர்ப்பிணியாக அவரே நடித்தார். அதை ஏற்கலாமா கூடாதா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. என் கணக்கில் அது நின்றதற்குக் காரணம், முடிவெடுத்தவரும் வேடம் கட்டியவரும் துயரத்துக்கு வாரிசானவராக இருந்ததுதான். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் ஆள் அமர்த்தி அதே காட்சியை அதே சொற்களோடு நடத்தியிருந்தால் அதை மன்னிக்க முடியாது.

துயரத்தை ஊரே நடித்துக் காட்டுவது நமக்கும் புதிதல்ல. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் முடிவில் படுகளம் நடக்கும். பெரிய மண்ணுருவாகத் துரியோதனன் தரையில் கிடப்பான். பீமன் வேடக்காரர் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். அந்த மண்ணை எடுத்துப்போய் வீட்டில் வைப்பவர்கள் உண்டு. ஊரின் வயல்வெளியே குருட்சேத்திரமாகிவிடுகிறது. டிக்கெட் கிடையாது, வேடம் கட்டுகிறவர் விரதம் இருக்கிறார், ஊர் கூடி அழுகிறது. நிற்கும் இடத்தையே நடந்த இடமாக்கி, நடந்ததை மறுபடி நிகழ்த்தும் கலை நம் கையில் இருக்கும்போது, தொப்பியும் துப்பாக்கியும் இரவல் வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கெல்ட்ரியாவில் டச்சுப் படை வேடம் வேண்டாம். மீனவர்களின் பாடு முறையையும் காட்சிப்பொருளாக்க வேண்டாம். எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு பழங்கதை அல்ல, இன்றைய சோறு.

செய்யத் தகுந்தது துணி. மலாய் மக்கள் இன்றும் கட்டும் கட்டம்போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர்; பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். இந்தக் கரைத் துணிக்குச் சிவப்பைத் தந்தது சாயவேர். அந்த வேரைக் கிண்டி, இடித்து, காய்ச்சி, நூலில் ஏற்றி, தறியில் நெய்து பார்க்கும் பட்டறை ஒன்று இங்கே நடக்கட்டும். எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர், எத்தனை கை என்பது தெரியவரும். துப்பாக்கிக் கையேட்டில் இல்லாத நம் வரலாறு அந்தக் கைகள் வழியாகத்தான் திரும்பி வரும். செய்கிறவர்களுக்குக் கூலியும் கிடைக்கும்.

அடிமைக் கப்பலைக் கூத்தாகக் கட்டுவதா என்பதைக் குப்பத்து மக்கள்தான் சொல்ல வேண்டும். கட்டினால் கோட்டை மேட்டில் வேண்டாம், கடற்கரையில் கட்டட்டும். கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நின்றன. கரையிலிருந்து ஆட்களை ஏற்றிப்போனவை இங்குள்ள படகுகள். பஞ்சத்தில் விற்க வந்தவரிடம் விலை பேசியவர்களில் இந்நாட்டுத் தரகர்களும் இருந்தார்கள். அந்தத் தரகர் வேடத்தையும் படகோட்டி வேடத்தையும் நம்மில் ஒருவர் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஆள் முன்வருகிற நாளில் நானும் மணலில் உட்கார்ந்து விடிய விடியப் பார்ப்பேன்.