காளைக்கு முன்னும் பின்னும்: ஆண் வளரிளம் பருவமும் தமிழ் இலக்கிய மரபும்

பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாகப் பகுத்த பாட்டியல் மரபு ஆராய்ச்சியாளரிடையே நன்கு பேசப்பட்டது. ஆணின் பருவப் பகுப்பு அவ்வளவு கவனம் பெறவில்லை. பன்னிரு பாட்டியல் ஆணையும் ஏழாகவே பகுக்கிறது. பாலனுக்கு 7, மீளிக்கு 10, மறவோனுக்கு 14, திறலோனுக்கு 15, காளைக்கு 16 என எல்லை வகுத்து, 30 வரை விடலை என்றும் அதற்குமேல் முதுமகன் என்றும் கூறுகிறது.

14 முதல் 16 வரை ஆண்டுக்கொரு பெயர். பின்னர்ப் பதினான்கு ஆண்டுகளுக்கு ஒரே பெயர். ஆண் உடல் விரைந்து வளரும் காலத்தையே முன்னோர் நுணுகிப் பகுத்தனர் என்று இதனைப் போற்றத் தோன்றும். ஆண்பிள்ளைகளின் உயர வளர்ச்சி பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டாண்டு பின்னரே, பெரும்பாலும் 13, 14 வயதில், உச்சத்தை எட்டுகிறது என்பது இன்றைய உடலியல் கூறுவது. ஆயினும் இப்பொருத்தத்தை மிகைப்படுத்துதல் தகாது. மறம், திறல் என்பன போருக்குரிய பண்புகள். குரல் உடைதல், மீசை அரும்புதல், தோள் அகலுதல் ஆகிய எவையும் இப்பெயர்களில் இல்லை. பகுப்பு உடலைப் பார்த்து எழுந்ததன்று. உடலிடமிருந்து எதிர்பார்க்கப்பட்டதைப் பார்த்து எழுந்தது.

இதன் விளைவு இலக்கிய வகைகளில் தெரிகிறது. பெண்ணின் எழுபருவம் உலா இலக்கியத்திற்கு உடலாயிற்று. ஒவ்வொரு பருவத்தின் உருவ மாற்றமும் அங்கே விரித்துப் பாடப்பட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழோ சிறுதேரோடு நின்றுவிடுகிறது. அதன்பின் ஆண் உலாவின் தலைவனாக, முழுதும் வளர்ந்தவனாகவே வருகிறான். இடைப்பட்ட பையனுக்குத் தனியொரு சிற்றிலக்கியம் வாய்க்கவில்லை.

சங்கப் பாடல்கள் இவ்வகையில் கூர்மையானவை. புறநானூறு 77இல் இடைக்குன்றூர் கிழார் நெடுஞ்செழியனின் இளமையை வயதெண்ணிச் சொல்லவில்லை. கழல் புனைந்தும் ஐம்படைத்தாலி களையாத, பாலுணவை அண்மையில் விட்ட ஒருவனாகக் காட்டுகிறார். 279இல் ஒக்கூர் மாசாத்தியாரின் தாய் மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவிப் போருக்கு அனுப்புகிறாள். வளர்ந்து முடியாத உடலின் மேல் வளர்ந்தவனின் கடமை ஏற்றப்படும் கணத்தை இரண்டும் பிடிக்கின்றன. 'மறவோன்' என்னும் பெயர் மறைப்பதை இந்தக் குடுமி சொல்லிவிடுகிறது.

புதின இலக்கியத்தில் இவ்விடைவெளியைத் தொட்டது ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' (1963). நீலகிரிப் படகரின் வாழ்வே இதன் களம். சிறுவன் ஜோகி கோயில் நெருப்பைக் காக்கும் பணியை ஏற்கிறான். படகரிடையே மணமாகாத சிறுவர் பூசகராகும் வழக்கம் கோத்தகிரிப் பகுதியிலுள்ள பேரகணி ஹெத்தையம்மன் கோயிலிலும் உண்டு. இத்தகைய பணிக்குச் சிறுமையே தகுதி என்பதால் வளர்ச்சியே எல்லையாகிறது. பாட்டியலில் வளர்வது ஏற்றம். இங்கோ அதுவே ஓர் இழப்பும் ஆகிறது. பாட்டியலின் பட்டியலில் இதற்கு இடமில்லை.

புதினம் உடல் மாற்றத்தை நேராக விவரிப்பதைவிடக் கடமையையும் குடும்பத்தையும் முன்னிறுத்துகிறது, இக்குறை மறுக்கத்தக்கதன்று. எனினும் நூற்பெயரில் உள்ள மலர் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பது. ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் இடையில், ஆண்டுக்கணக்கு எதுவுமின்றியே, ஒரு பையன் ஆளாகிவிடுகிறான்.