வெளியேறும் வழியைச் சொல்லித்தராத பயிற்சி

கோர்ட்டுக்குப் போகாமல் குழுவாக உட்கார்ந்து பேசி முடிக்கும் ‘கொலாபரேட்டிவ்’ விவாகரத்து ஒன்று பாதியில் முறிந்தால், அதன் ஆதரவாளர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: வக்கீலுக்குப் பயிற்சி போதவில்லை, வழக்காடிப் பழகிய மனம் இன்னும் மாறவில்லை. இன்னொரு பட்டறைக்குப் போய்வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதாவது, குறை கற்றவரிடம்தான், கற்றுக்கொடுத்ததில் இல்லை. இந்த வாதம் தவறானது. எதிரெதிரே இருப்பவர்களை ஒரு மேசையில் உட்கார வைக்க இந்தப் பயிற்சி அருமையாகச் சொல்லித்தருகிறது. எப்போது அவர்களை எழுந்துபோகச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லித்தருவதில்லை. அந்தக் குறையை எத்தனை மேல்நிலைப் பட்டறை நடத்தியும் நிரப்ப முடியாது.

மினியாபொலிஸ் நகரக் குடும்பநல வக்கீல் ஸ்டூவர்ட் வெப் 1990-இல் தொடங்கிய முறை இது. கோர்ட்டுக்குப் போவதில்லை என்று கணவன், மனைவி, இருவரின் வக்கீல்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பேச்சு முறிந்து யாராவது வழக்குப் போட்டால் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் வக்கீல் பாலின் டெஸ்லரும் உளவியலாளர் பெகி தாம்ப்சனும் இதைக் குழு முறையாக வளர்த்தெடுத்தார்கள். தம்பதி ஒவ்வொருவருக்கும் ஒரு மனநலத் துணைவர், குழந்தைக்கென ஒரு நிபுணர், இருதரப்புக்கும் பொதுவாக ஒரு நிதி ஆலோசகர் என்று மேசை பெரிதானது. 2009-இல் மாதிரிச் சட்டம் ஒன்று எழுதப்பட்டு, அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டன. இந்த மேசையில் உட்கார வருபவர்கள் முதலில் கடக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான்.

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆளுக்கொரு கணக்காளரை வைத்து ஒரே சொத்துக்கு இரண்டு மதிப்புப் போடும் கூத்து இங்கே இல்லை. குழந்தையைச் சாட்சிக் கூண்டுப் பக்கம் இழுக்காமலே அதன் மனம் பெற்றோர் காதுக்குப் போய்ச் சேருகிறது. குடும்ப விவகாரம் வெளியே நாறுவதில்லை. ஓரளவு சமமான நிலையில் இருந்து, பிரிந்த பிறகும் பிள்ளைகளைச் சேர்ந்தே வளர்க்க வேண்டிய தம்பதிக்கு இதைவிட நல்ல வழி குறைவு.

ஆனால் பயிற்சி அறையில் நடப்பதைக் கவனியுங்கள். பயிற்சி பெறுபவர்களில் இருவர் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். “வீடு எனக்கு வேண்டும்” என்கிறார் மனைவி. “எதற்கு வேண்டும் என்று கேளுங்கள்” என்கிறார் பயிற்றுநர். கேட்டால், மகளின் பள்ளிக்கூடம் மாறக்கூடாது என்ற கவலை வெளியே வருகிறது. அதே கவலை கணவருக்கும் இருக்கிறது. பிடிவாதம் தளர்ந்து பேச்சு நகர்கிறது. மதிக்கத்தக்க உத்திதான். ஆனால் இந்த ஒத்திகை ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: கேட்டால் இருவரும் மனத்தில் இருப்பதைச் சொல்வார்கள் என்பது. பயத்தில் வாய் திறக்காத ஒருவரை இந்த ஒத்திகையில் காண்பது அரிது.

இப்போது வேறொரு தம்பதியை அதே மேசைக்கு அழைத்து வாருங்கள். நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலை பார்க்கும் கணவர், அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் வந்த மனைவி. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை. 2015 முதல் எச்-4 விசாக்காரர்கள் சிலருக்கு வேலை செய்யும் அனுமதி கிடைத்தது; அதற்கும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். விவாகரத்து ஆன அன்றே அந்த விசாவின் அடிப்படை போய்விடும். சம்பளம், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவர் பெயரில். இந்தப் பெண் மேசையில் குரலை உயர்த்த மாட்டார். ஒவ்வொரு யோசனைக்கும் “எனக்குச் சம்மதம்” என்பார். குழு குறிப்பேட்டில் ‘நல்ல ஒத்துழைப்பு’ என்று எழுதிக்கொள்ளும்.

என் ஆட்சேபணை முழுவதும் இந்த ஒரு வரிக் குறிப்பில் இருக்கிறது. கோபப்படாதே, பழியைப் பேசாதே, எதிர்காலத்தைப் பார் என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சி, அமைதியை முன்னேற்றத்தின் அடையாளமாகப் படிக்கச் சொல்கிறது. ஆண்டுக்கணக்காக அடங்கிப் பழகிய ஒருவரின் அமைதியும் வெளியே அப்படியேதான் தெரியும். கோபப்படுபவர்தான் குழுவுக்குச் சிக்கலானவர், பயப்படுபவர் சுமுகமானவர். ஆக, யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்தான் பயிற்சி பெற்ற கண்ணுக்கு மிக எளிதில் தப்புகிறார்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வன்முறையோ மிரட்டலோ இருந்ததா என்று கையெழுத்துக்கு முன்பே வக்கீல் விசாரிக்க வேண்டும், பேச்சு நடக்கும் காலம் முழுவதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று 2009 மாதிரிச் சட்டம் சொல்கிறது. எப்படி விசாரிப்பது என்பதற்கும் வழி உண்டு. சமரசப் பேச்சாளர்களுக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘மாசிக்’ என்ற கேள்விப் பட்டியல், கணவனையும் மனைவியையும் தனித்தனியே வைத்து, “வன்முறை உண்டா?” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், நடந்த செயல்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பணத்தைத் தரமறுத்ததுண்டா, பின்தொடர்ந்ததுண்டா, கழுத்தை நெரித்ததுண்டா என்று கேட்டால்தான் பதில் வரும். இப்படிக் கேட்கக் கைபழக வேண்டும். பதிலைக் கேட்டபின் வழக்கைத் திருப்பி அனுப்பும் துணிவும் வேண்டும். இரண்டு மூன்று நாள் பாடத்தில் இது பல தலைப்புகளுள் ஒரு தலைப்பாகக் கடந்துபோகிறது. எஞ்சிய நேரம் குழு மனப்பான்மைக்கும் கேட்கும் கலைக்கும் வக்கீலின் உள்மாற்றத்துக்கும் போகிறது.

“யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாமே” என்பது உடனே வரும் பதில். காகிதத்தில் உண்மை. விலகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு வக்கீல்களும் போய்விடுவார்கள். பொதுவில் அமர்த்திய நிதி ஆலோசகரின் உழைப்பையும் வழக்கமாகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. புது வக்கீலுக்கு முன்பணம் கட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணவருக்கு அது ஒரு செலவு. கணக்கில் தன் பெயரே இல்லாத மனைவிக்கு அது முடியாத காரியம். இருவரையும் ஒரே அளவில் கட்டுவதாகப் பயிற்சியில் போற்றப்படும் இந்த நிபந்தனை, இல்லாதவரை மட்டும் இறுக்குகிறது.

குழுவில் வேறு யாராவது கவனிக்கமாட்டார்களா? ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னும் பின்னும் நிபுணர்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்கும் தம்பதிதான் கட்டணம் கட்டுகிறார்கள். ஒருவருக்கொருவர் வழக்கு அனுப்பி, ஒரே சங்கத்தில் கூடி, ஒரே பட்டறையில் படித்தவர்கள் இவர்கள். “இதை நிறுத்திவிடலாம்” என்று முதலில் சொல்பவர் சகாக்களின் வேலையையும் சேர்த்தே நிறுத்துகிறார். கனடா அரசின் நீதி அமைச்சகத்துக்காக ஜூலி மெக்ஃபார்லன் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், வக்கீல்கள் இலட்சியத்தோடும் கட்சிக்காரர்கள் காலமும் பணமும் மிச்சமாகும் என்ற எளிய எதிர்பார்ப்போடும் வந்தது தெரிந்தது. அந்த இலட்சியத்தை இன்னும் ஊட்டும் பயிற்சி இடைவெளியை அகலமாக்கவே செய்யும். தன் முறையை நம்பும் நிபுணருக்கு அதன் தோல்வி, தன் தோல்வியாகவே படும்.

ஆகவே, இன்னும் பயிற்சி வேண்டும் என்பவர்களிடம் நான் கேட்பது வேறு பயிற்சி. முதல் நாளே, எதற்கும் சம்மதம் சொல்லும் மனைவியை நடிக்க வையுங்கள். சொத்தை மறைக்கும் கணவரை நடிக்க வையுங்கள். தனித்தனி விசாரணையை ஒவ்வொருவரும் செய்துகாட்டட்டும். முறிவைத் தோல்வியாக எண்ணாமல், ஒருவரைப் பத்திரமாகப் புது வக்கீலிடமும் கோர்ட்டிடமும் சேர்ப்பது எப்படி என்பது பாதிப் பாடமாகட்டும். ஏழை எளியவருக்கு, மிரண்டவருக்கு, தன் பெயரில் எதுவும் இல்லாதவருக்குக் கோர்ட்டின் உத்தரவுதான் பல நேரம் ஒரே துணை. அந்த வாசலை மூடும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் உரிமை, “உங்களுக்கு இது வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்தவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். அதைச் சோதிக்காமல் தரப்படும் சான்றிதழை நான் தகுதியாக ஏற்கமாட்டேன்.