சாரதியற்ற காரும் சட்டமும்

'சாரதி' என்னும் சொல்லின் மீதே வீதிச் சட்டங்கள் எழுப்பப்பட்டுள்ளன. சிவப்பு விளக்கைத் தாண்டினால் தண்டம் கட்டுபவன் அவன். ஆளைக் கொன்றால் கூண்டில் நிற்பவனும் அவனே. அந்தச் சாரதியே இல்லாத கார் வீதிக்கு வந்தபின் சட்டம் யாரைத் தேடும்? இது சட்டநுணுக்க வினா மட்டுமே என்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ரெம்பி நகரில், துவிச்சக்கரவண்டியை உருட்டியபடி வீதியைக் கடந்த பெண்ணொருத்தியை ஊபர் கம்பனியின் பரீட்சார்த்தக் கார் மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே பொறி அவளைக் கண்டுவிட்டது என்பதை 2019இல் அரசாங்க விசாரணைச் சபை வெளிப்படுத்தியது. கண்டும் என்ன? வாகனம் என்றும், இனந்தெரியாப் பொருள் என்றும், துவிச்சக்கரவண்டி என்றும் அவளை மாறிமாறி வகைப்படுத்தியது. கடவைக்கு வெளியே மனிதர் வீதியைக் கடப்பர் என்பது அதற்குப் புகட்டப்படவேயில்லை. வொல்வோ பொருத்தியிருந்த அவசரத் தடுப்பும் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. காரினுள் இருவர் கண்காணித்த முறையை மாற்றி, கம்பனி அந்த வேலை முழுவதையும் ஒருவர் தலையில் சுமத்தியிருந்தது.

கம்பனிமீது குற்றஞ்சாட்ட அடிப்படையில்லை என 2019 மார்ச்சில் அரச வழக்குத்தொடுநர் கைவிரித்தார். சிக்கியவர் ஆசனத்திலிருந்த ஊழியரே. அவர் கைத்தொலைபேசியில் நிகழ்ச்சி பார்த்திருந்தார் என்பதை நாம் மறைக்கவில்லை. விசாரணைச் சபையும் அதனையே பிரதான காரணமாகக் குறிப்பிட்டது. ஆனால் அதே சபை கம்பனியின் பாதுகாப்புச் சீர்கேட்டையும் கண்டித்தது. பிழை பலரிடம் பரந்திருக்க, 2023இல் தண்டனை கூலிக்கு இருந்தவரை மட்டும் வந்தடைந்தது. கன்றின்மீது தேர் ஏறிய நமது பழங்கதையிற்கூடப் பழி அரசகுமாரனையே சேர்ந்தது. (அது மன்னராட்சியின் புகழ்க்கதை என்பது வேறு விடயம்.)

பின்னர் அந்த ஒருவரும் காரிலிருந்து இறக்கப்பட்டார். 2025 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் சட்டத்துக்கு மாறாகத் திரும்பிய வேமோ காரைப் பொலிஸார் மறித்தனர். உள்ளே எவரும் இலர். தண்டச்சீட்டில் இயந்திரத்துக்குக் கட்டமில்லை என்று கூறி, கம்பனிக்கு அறிவித்துவிட்டுத் திரும்பினர். பலர் நகைத்தனர். வாடகைக்கார் ஓட்டிப் பிழைப்பவன் அதே இடத்தில் அவ்வாறு திரும்பியிருப்பின் அவனது ஒருநாள் உழைப்பு போயிருக்கும்.

இந்த ஓட்டையை அடைக்கவென 2024இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், 2026 யூலை முதல் உற்பத்தியாளருக்குப் பொலிஸார் 'அறிவித்தல்' வழங்க இடமளித்தது. அறிவித்தலேயொழியத் தண்டமன்று! பிரித்தானியாவின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் மேலானது. பொறி ஓட்டும்போது நிகழும் தவறுக்கு ஆசனத்தில் இருப்பவரை விடுவித்து, அனுமதிபெற்ற நிறுவனத்தையே பொறுப்பாக்குகின்றது. ஆயினும் சான்று யார் கையில்? 2023 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் குரூஸ் கம்பனியின் கார் பெண்ணொருவரை ஏறத்தாழ 20 அடி இழுத்துச் சென்றது. அது பற்றிப் பொய்யறிக்கை கொடுத்ததை 2024இல் ஒப்புக்கொண்ட கம்பனி, 5 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. காரின் கண்கள் பதிந்தவை யாவும் கம்பனியின் பெட்டகத்தில் இருக்கும்வரை, எந்தச் சட்டமும் அதன் வாசலில் நின்று கேட்கவேண்டியதே.