யாருடைய கூச்சம்?

மலம் கழித்து வந்தவனைக் 'கால் கழுவி வந்தான்' என்பது இடக்கரடக்கல். செத்தவரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். நன்னூல் இவற்றைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. சொல்லை அளந்து பேசுவது தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வழக்குகள் காப்பாற்றியது பேசுபவர், கேட்பவர் கூச்சத்தை. இன்று அரசியல் சரித்தன்மை என்று பேசப்படுவது, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் மனத்தைக் காப்பாற்ற வந்தது. இந்த வேறுபாட்டை அது மறக்கும்போது மீண்டும் இடக்கரடக்கலாகிவிடுகிறது.

இரண்டு பெயர்களைப் பார்ப்போம். 'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசு ஆவணங்களில் எழுதப்பட்டவர்களை 'ஆதிதிராவிடர்' என்று குறிக்க வேண்டும் என, அவர்களில் ஒருவரான எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் வலியுறுத்தினார். 1922இல் அரசு அதை ஏற்றது. அந்த மக்களிடமிருந்தே எழுந்த கோரிக்கை அது. பத்தாண்டு கழித்து காந்தி 'ஹரிஜன்' என்ற சொல்லைப் பரப்பினார். 1933இல் அதே பெயரில் இதழும் தொடங்கினார். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் 'கடவுளின் மக்கள்' என்றழைப்பதில் இரக்கம் இருந்ததே தவிர, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் இல்லை. 1938இல் அந்தப் பெயரைச் சட்டத்தில் ஏற்றும் முயற்சியை எதிர்த்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் பம்பாய்ச் சட்டமன்றத்திலிருந்து வெளியேறினார்கள். தங்களுக்கு என்ன பெயர் என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த வாதத்தின் மையம்.

பெயரோடு வேறொன்றும் வர வேண்டும். திருநங்கைகளைக் குறிக்கத் தெருவிலும் திரையிலும் புழங்கிய சொற்களை இங்கே எழுத வேண்டியதில்லை. 'திருநங்கை' வேரூன்றியதற்கு அதன் அழகு மட்டும் காரணமல்ல. 2008இல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. அரசின் படிவங்களில் அவர்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. சொல்லுக்குப் பின்னால் உரிமை நின்றதால் சொல்லும் நின்றது.

உரிமை பின்தங்கினால் என்ன ஆகும்? 'துப்புரவுப் பணியாளர்' இப்போது 'தூய்மைப் பணியாளர்'. 2025 ஆகஸ்டில் இந்தத் தூய்மைப் பணியாளர்கள்தான், குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் வண்டிகள் அவர்களை ஏற்றிச் சென்றன. அவர்கள் கேட்டது வேலைக்கு உறுதி. மரியாதையான பெயர் ஏற்கெனவே கையில் இருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்த பிறகும் மனிதர்கள் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். இங்கே புதிய பெயர் யாருடைய கூச்சத்தை மறைக்கிறது? குப்பையைப் போட்டுவிட்டுப் போகிற நம்முடையதை.

சில நல்ல சொற்களுக்குள் பழைய எண்ணம் பதுங்கியிருக்கும். 'விதவை' என்ற சொல்லில் பொட்டு இல்லை, 'கைம்பெண்' என்பதில் இரண்டு பொட்டு இருக்கிறது என்று மேடைகளில் சொல்வதுண்டு. எழுத்தின் புள்ளியைத்தான் பொட்டு என்கிறார்கள். கைதட்டல் விழும் வரி. ஆனால் பொட்டு போனது பெரிய இழப்பு என்ற கணக்கையும் அது சேர்த்தே ஒப்புக்கொள்கிறது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லைவிட 'மாற்றுத்திறனாளி' எவ்வளவோ மேல். இருந்தாலும் ஏதோவொரு தனித்திறன் இருந்தால்தான் மதிப்பு என்ற சுமையை அது அவர் தோளில் ஏற்றுகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு வேண்டியது திறன் பட்டமா, அலுவலக வாசலில் ஒரு சாய்தளமா?

இதையெல்லாம் காட்டி, 'எதைச் சொன்னாலும் குற்றமா' என்று அலுத்துக்கொள்பவர்களோடு நான் சேர மாட்டேன். கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் வைத்துச் சிரிப்பு மூட்டிய திரைப்பட நகைச்சுவை இன்று கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் லாபமே. அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவர் எப்போதும் ஒருவராகவே இருந்தார்.

ஆனால் திருத்துபவர்களிடமும் ஒரு மேட்டிமை வளர்ந்திருக்கிறது. புதிய சொல் முதலில் படித்தவர்களிடம் வந்து சேர்கிறது. உடனே அதுவே அடுத்தவரை அளக்கும் கோலாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பையனை 'நொண்டிப் பய' என்று வாய் நிறைய அழைக்கும் கிழவி, அவனைத் தினமும் கைபிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறாள். 'மாற்றுத்திறனாளி' என்று பிசகாமல் சொல்லும் நிர்வாகி, அவன் அண்ணனுக்கு வேலை தர மறுக்கிறார். கிழவியின் சொல் மாறத்தான் வேண்டும். ஆனால் முதலில் யாரைத் திருத்துவது?

ஒரு சொல்லை மாற்றுமுன் கேட்க வேண்டியவை இரண்டு: அந்தப் பெயரைச் சுமக்கப் போகிறவர் அதைக் கேட்டாரா? அதோடு அவர் கைக்கு என்ன வந்து சேர்கிறது? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் நாம் செய்வது 'கால் கழுவி வந்தான்' என்று சொல்வதுதான். கழிவறையைக் கழுவுகிறவர் இன்னும் அங்கேயே நிற்கிறார்.